பழைய போட்டோ ஏன் உடைகிறது?

கேள்வி: அமெரிக்க இயக்குநர் கென் பர்ன்ஸ் அந்நாட்டின் கன்ட்ரி இசை பற்றி எடுத்த ஆவணப்படத்தில் பழைய போட்டோக்கள் மெல்ல நகர்கின்றன. எங்கள் பகுதி கானா பாடகர்களின் போட்டோக்களை அப்படி நெருக்கி நகர்த்தினால் திரையில் புள்ளி புள்ளியாக உடைகிறதே?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: 1927-இல் அமெரிக்காவின் பிரிஸ்டலில் கன்ட்ரி இசை முன்னோடிகளான கார்ட்டர் குடும்பம் பாடிப் பதிந்த காலத்தைக் காட்ட போட்டோதானே கைகொடுக்கும்! உங்கள் சிக்கல் ஸ்கேனில் இருக்கிறது. 6x4 அங்குலப் படத்தை 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) எடுத்தால் அகலம் 1800 பிக்சல். ஃபுல் எச்டி திரைக்கே 1920 வேண்டும். பிறகு எங்கே நெருங்குவது? 600-இல் எடுங்கள், 3600 கிடைக்கும். டோலக் மேல் விரல் விழும் இடம்வரை, கிட்டத்தட்ட இரு மடங்கு போகலாம். நெகட்டிவ் இருந்தால் இன்னும் நல்லது. ஒரு நகர்வுக்கு 6 முதல் 8 விநாடி போதும். சென்னைப் புழுக்கத்தில் ஆல்பத் தாளோடு ஒட்டிப்போன படத்தை மட்டும் பிய்க்காதீர்கள். அப்படியே ஸ்கேனரில் வையுங்கள்.