அலுமினியத் தகடு வழுக்குகிறதா? வான்கோழி பாட் கால் பற்றிக் கேள்வி பதில்

அமெரிக்காவில் வசந்தகால வான்கோழி வேட்டைக்குப் போகிறவர்கள், பெட்டையின் குரலை எழுப்பிச் சேவலைத் தங்கள் பக்கம் வரவழைப்பார்கள். அதற்கான கருவிகளில் ஒன்றுதான் பாட் கால் (pot call). இங்கே ‘கால்’ என்றால் பறவையை அழைக்கும் கருவி. கையில் அடங்கும் வட்டக் கிண்ணம், அதன் வாயில் ஒட்டிய தகடு, தகட்டின்மேல் இழுக்க ஸ்ட்ரைக்கர் என்ற குச்சி, அவ்வளவுதான். தகடு ஸ்லேட்டாகவோ கண்ணாடியாகவோ அலுமினியமாகவோ இருக்கும். அலுமினியம் வைத்திருப்பவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில்.

டென்னசியிலிருந்து: அண்ணா, புதிதாக ஒரு அலுமினியக் கால் வாங்கினேன். கடையில் நன்றாகக் கத்தியது. இப்போது இழுத்தால் வழுக்கிக்கொண்டு போகிறது, சத்தமே எழவில்லை. தகடு போய்விட்டதா?

போகவில்லை தம்பி. தகடு வழவழப்பாகிவிட்டது, அதுதான் காரணம். ஸ்ட்ரைக்கர் நுனி தகட்டை ஒரு கணம் பிடிக்கும், வழுக்கும், மறுபடி பிடிக்கும். ஒரு நொடிக்குள் இது நூற்றுக்கணக்கான தடவை நடக்கிறது. அந்த அதிர்வு தகட்டிலிருந்து கிண்ணத்துக்குள் உள்ள காற்றுக்கும், கீழே இருக்கும் ஒலிப்பலகைக்கும் போய், அடித்துளைகள் வழியே வெளியே வருகிறது. பிடிப்பே இல்லாவிட்டால் மற்ற எதுவும் நடக்காது. வயலின் வில்லுக்கு ரோசின் என்ற பிசின் தரும் பிடிப்பை இங்கே கண்ணுக்கு அரைகுறையாகத் தெரியும் நுண்ணிய கீறல்கள் தருகின்றன.

சமையலறையில் புழங்கும் பச்சை ஸ்காட்ச்-பிரைட் போதும். ஆனால் சோப்போ எண்ணெயோ படாத புதுத் துண்டாக இருக்க வேண்டும். விளிம்புக்கும் நடுவுக்கும் இடையே ஓர் அரை டாலர் நாணயம் அளவு இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். அங்கே மட்டும், ஒரே திசையில், நேர்கோடாகத் தேயுங்கள். வட்டமாகத் தேய்க்காதீர்கள். பளபளப்பு போய் மங்கல் சாம்பல் நிறம் வந்ததும் நிறுத்திவிட்டு, உலர்ந்த துணியால் பொடியைத் துடையுங்கள். வாயால் ஊதினால் மூச்சின் ஈரம் படியும். அப்புறம் ஸ்ட்ரைக்கரை அந்தக் கோடுகளுக்குக் குறுக்காக இழுங்கள். கோட்டின் போக்கிலேயே இழுத்தால் நுனி பள்ளத்தில் ஓடிவிடும், பிடிக்காது. தேய்ப்பதைவிடத் திசைதான் முக்கியம் என்பேன். வழுக்குகிறது என்று வருகிற கருவிகளில் பெரும்பாலும் கீறல்கள் இருக்கத்தான் செய்கின்றன. இழுக்கும் திசைதான் தவறாக இருக்கிறது.

இன்னொன்று, கிண்ணத்தை விரல் நுனிகளால் பிடியுங்கள். உள்ளங்கை அடித்துளைகளை அடைத்தால் குரல் அமுங்கிவிடும்.

மிச்சிகனிலிருந்து: என் கண்ணாடிக் காலுக்கு 80 நம்பர் உப்புத்தாள் போடுகிறேன். அதையே அலுமினியத்துக்கும் போடலாமா?

வேண்டாம். கண்ணாடி கடினம், அதற்கு அந்த முரட்டுத்தாள் தேவை (நம்பர் கூடக்கூடத் தாள் நுண்மையாகும்). அலுமினியம் மென்மையான உலோகம். 80 போட்டால் ஆழமான பள்ளம் விழும், ஸ்ட்ரைக்கர் தடுக்கித் தடுக்கிக் கிறீச்சிடும். முதலில் ஸ்காட்ச்-பிரைட். அதற்கு மசியாவிட்டால் 220, அதுவும் லேசாக. குரல் கரடுமுரடாக இருந்தால் 400 வைத்து இரண்டு இழுப்பு.

கீறல் பெரிதானால் குரலில் கரகரப்பு கூடும், நுண்மையானால் மேல் சுரம் சுத்தமாக வரும். பெட்டையின் யெல்ப் என்பது மெல்லிய கீச்சில் தொடங்கிச் சட்டென்று உடைந்து கரகரவென்று இறங்கும் குரல். அந்த உடைப்பு இல்லாத யெல்ப்பைச் சேவல் அவ்வளவாக மதிப்பதில்லை என்பது என் எண்ணம். அதனால் நான் ஒரே தகட்டில் இரண்டு இடங்களைத் தயார் செய்வேன். ஒரு பக்கம் 220 போட்ட இடம், தூரத்துக்குக் கேட்கும் யெல்ப்புக்கும், வேகமாக உரத்து வெட்டி வெட்டிக் கத்தும் கட்டிங்குக்கும். எதிர்ப்பக்கம் ஸ்காட்ச்-பிரைட் மட்டும் பட்ட இடம், பக்கத்தில் வந்துவிட்ட பறவைக்கு மெதுவான கிளக்கும் (ஒற்றைக் குறுங்குரல்) பர்ரும் (மெல்லிய உருளொலி) கொடுக்க. விளிம்பில் விரலுக்குத் தட்டுப்படும் ஒரு சிறு புள்ளி வைத்துக்கொண்டால் இருட்டிலும் எந்தப் பக்கம் எது என்று தெரியும்.

ஜார்ஜியாவிலிருந்து: என்னுடையது நீல நிற ஆனோடைஸ் செய்த தகடு. தேய்த்தால் நிறம் போகுமே, பரவாயில்லையா?

நிறம் போவது பெரிய விஷயமில்லை, அந்த நிறத்தைத் தாங்கியிருக்கும் அடுக்கு போவதுதான் விஷயம். ஆனோடைஸ் என்பது பெயின்ட் அல்ல. மின்சாரம் செலுத்தி அலுமினியத்தின் மேலேயே தடித்த ஆக்சைடு அடுக்கை வளர்க்கிறார்கள். அந்த ஆக்சைடு அலுமினியத்தைவிட மிகக் கடினமானது. அதன்மேல் நுனி உரசும்போது தேய்மானம் குறைவு. உப்புத்தாளால் அதை அறுத்து உள்ளே போய்விட்டால் வெற்று உலோகம் தெரியும், அந்த இடத்தில் குரல் வேறாகிவிடும். திரும்பக் கொண்டுவர முடியாது. அதனால் ஸ்காட்ச்-பிரைட் மட்டும், கையை அழுத்தாமல். அப்படியும் பிடிக்கவில்லை என்றால் தகட்டை விட்டுவிட்டு ஸ்ட்ரைக்கரைப் பாருங்கள்.

விர்ஜினியாவிலிருந்து: ஐந்து நிமிடம் நன்றாக ஒலிக்கிறது, பிறகு மங்கிவிடுகிறது. குச்சி நுனியெல்லாம் கறுப்பாக இருக்கிறது.

அந்தக் கறுப்பு, தகட்டிலிருந்து தேய்ந்து வந்த உலோகப் பொடி. அது மரத்தின் நாரில் ஏறி நுனியைப் பளபளவென்று ஆக்கிவிடுகிறது. அப்போது உலோகத்தின்மேல் உலோகம்தான் உரசுகிறது. தகட்டை எவ்வளவு தேய்த்தாலும் பலன் இருக்காது. நுனியை 120 அல்லது 150 தாளில் சுழற்றித் தேய்த்துக் கறுப்பை எடுங்கள். உருண்டை வடிவம் மாறக் கூடாது, தட்டையானால் கிறீச்சிடும். ஆளுக்கு ஆள் தகட்டைத்தான் மாய்ந்து மாய்ந்து தேய்க்கிறார்கள். பாதி நேரம் குற்றம் நுனியில் இருக்கிறது.

தகட்டின்மேல் விரல் வைக்கும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள், தோலின் எண்ணெய்ப் பசை உடனே வழுக்கலைக் கொண்டுவரும். பட்டுவிட்டால் ஐசோப்ரோபைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டுத் துடையுங்கள். விளிம்பில் ஒட்டியிருக்கும் பசைக்குள் வழிய விடாதீர்கள்.

ஓஹையோவிலிருந்து: சுண்ணாம்புக்கட்டி பூசலாமா? ஸ்டீல் உல் பயன்படுத்தலாமா?

இரண்டும் வேண்டாம். சுண்ணாம்புக்கட்டி பெட்டி வடிவக் காலுக்கு உரியது, அங்கே மரத்தின்மேல் மரம் உரசுகிறது. ஸ்டீல் உல்லில் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் தடவியிருப்பார்கள், அது தகட்டில் ஏறிவிடும்.

பென்சில்வேனியாவிலிருந்து: சார், குரல் ரொம்பக் கீச்சென்று இருக்கிறது. தகட்டைத் தேய்த்து மெலிதாக்கினால் இறங்குமா?

கணக்குப்படி இறங்கும். ஒரே விட்டமுள்ள தகட்டில் தடிமன் குறைந்தால் அதிர்வெண்ணும் குறையும். ஆனால் காதுக்குத் தெரியும் அளவு மெலிய, கையால் தேய்ப்பது போதாது. அதற்குள் தகடு மேடுபள்ளமாகிவிடும். அலுமினியத்தின் இயல்பே உயர்ந்த, உரத்த குரல். காற்று அடிக்கும் நாளில், எதிர்ப்பக்க மலைமுகட்டில் இருக்கும் சேவலுக்குக் கேட்க வைப்பது அதுதான். அந்தக் குணத்தைக் கொல்லாதீர்கள். குரலை இறக்க வேண்டுமானால் விளிம்பிலிருந்து நடுவை நோக்கிக் கொஞ்சம் நகர்ந்து இழுங்கள். அடர்ந்த மரக் குச்சிக்குப் பதிலாக இலேசான மரக் குச்சியை எடுத்துப் பாருங்கள். தகட்டில் கை வைக்கும் முன் நான்கைந்து குச்சிகளை மாற்றிப் பார்ப்பது மலிவான வழி.

மிசூரியிலிருந்து: மழைத்தூறலில் என்ன செய்வது?

நீர்ப்படலம் இருந்தால் கீறல்கள் சரியாகப் பிடிக்காது. மர நுனி ஈரத்தைக் குடித்துவிடும். கார்பன் அல்லது அக்ரிலிக் ஸ்ட்ரைக்கர் ஒன்றைக் கூட வைத்துக்கொள்ளுங்கள், கருவியை ஜிப் பையில் போட்டு வையுங்கள். நன்றாக நனைந்துவிட்டால் வாயில் வைத்து ஊதும் டயஃப்ரம் கால்தான் கைகொடுக்கும்.

அலபாமாவிலிருந்து: குரல் இப்போது அருமையாக இருக்கிறது. சீசனுக்கு முன்பே காட்டுக்குப் போய்ச் சேவல் பதில் கொடுக்கிறதா என்று சோதித்துப் பார்க்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். வந்து பார்த்துப் பெட்டை இல்லை என்று ஏமாந்த சேவல், அடுத்த முறை அந்தக் குரலுக்கு வரத் தயங்கும். இயற்கையில் சேவல் கத்தும், பெட்டைதான் அதைத் தேடிப் போகும். நாம் அதைத் தலைகீழாக்கச் சொல்கிறோம். அவநம்பிக்கை ஏற்கெனவே அதற்கு உண்டு. வீட்டுக் கொல்லையில் பழகுங்கள், கைப்பேசியில் பதிவு செய்து தள்ளி நின்று கேளுங்கள்.

சீசனில் இதை இழுக்கும்போது ஒன்றை மறக்காதீர்கள். கால் எவ்வளவு நன்றாக ஒலிக்கிறதோ, அவ்வளவு எளிதாக இன்னொரு வேட்டைக்காரர் உங்களைப் பறவை என்று நம்பிவிடுவார். தோளைவிட அகலமான மரத்தில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள். சேவலின் தலையில் இருக்கும் சிவப்பு, வெள்ளை, நீலம் எதுவும் உடையில் தெரியக் கூடாது. யாராவது வருவது தெரிந்தால் கையை ஆட்டாதீர்கள், வான்கோழிக் குரலும் எழுப்பாதீர்கள். அசையாமல் இருந்து, வாய்விட்டு உரக்கப் பேசுங்கள்.