மேல்துணி தைத்தாயிற்று, இனி என்ன? குவில்ட் முடிப்பது பற்றிய கேள்வி பதில்

மதுரையில் என் வீட்டு மாடி அறையில் பழைய பருத்திப் புடவைகளை வெட்டிக் குவில்ட் தைத்து வருகிறேன். இந்த முறை வந்த கேள்விகளை வரிசையாகப் படித்தபோது ஒன்று தெரிந்தது. பெரும்பாலானவர்கள் மேல்துணியை அழகாக இணைத்துவிட்டு, அதற்கு மேல் நகர முடியாமல் பீரோவில் மடித்து வைத்திருக்கிறீர்கள். சிலருக்கு அது மூன்று நான்கு வருடமாகக் கிடக்கிறது. மேல்துணி மட்டும் இருந்தால் அது இன்னும் குவில்ட் ஆகவில்லை; மேல்துணி, நடு அடுக்கு, அடித்துணி மூன்றையும் சேர்த்துத் தைத்தால்தான் அது குவில்ட் போர்வை. ஆகவே முடிக்கும் வேலைக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

கேள்வி (கும்பகோணம்): அக்கா, 60க்கு 90 இஞ்ச் அளவில் மேல்துணி தயார். நடுவில் என்ன வைப்பது? கடையில் பாலியஸ்டர் வாடிங் (நடுவில் வைக்கும் பஞ்சுத் தாள்) காட்டினார்கள். வீட்டில் இலவம்பஞ்சும் இருக்கிறது.

பதில்: இலவம்பஞ்சு வேண்டாம். தலையணைக்கு அதைப் போல வராது, ஆனால் தாளாகப் பரவி நிற்காது. இரண்டு முறை துவைத்தால் மூலையில் கட்டி கட்டியாகச் சேர்ந்துவிடும். பாலியஸ்டர் வாடிங் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் சரி. காவிரிக்கரை வெக்கைக்கு அதைப் போர்த்தினால் நள்ளிரவில் காலால் உதைத்துத் தள்ளிவிடுவீர்கள். நம் ஊருக்கு நடுவில் ஒரு பழைய பருத்திப் புடவையை இரண்டாக வெட்டி, பக்கவாட்டில் இணைத்து வைப்பதுதான் என் வழக்கம். வங்காளத்துக் காந்தாப் போர்வையும் இப்படிப் பழைய புடவைகளை அடுக்கித் தைத்ததுதான். கொஞ்சம் கனம் வேண்டுமென்றால் ஒற்றை ஃபிளானல் துணி போடுங்கள்.

புடவையை எடுக்கும்போது ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். கொசுவம் செருகிய இடமும் உட்காரும் இடமும் சல்லடை போலத் தெரியும். அந்தப் பகுதி நடு அடுக்குக்கு மட்டும்தான் உதவும். உடம்பைச் சுற்றி உள்ளே போகும் முதல் முழம் பெரும்பாலும் புதிதாகவே இருக்கும். ஃபால்ஸைப் பிரித்துவிட்டுப் பாருங்கள்: அதன் அடியில் நிறம் வாங்கிய அன்று இருந்தபடியே இருக்கும். மேல்துணியில் கண்ணில் படும் இடத்துக்கு அந்தப் பட்டையை எடுத்து வைத்துக்கொள்வேன்.

நடு அடுக்கும் அடித்துணியும் மேல்துணியைவிட எல்லாப் பக்கமும் 3 இஞ்ச் பெரிதாக இருக்கட்டும். தைக்கத் தைக்கத் துணி உள்வாங்கும்.

கேள்வி (விருதுநகர்): தைத்து முடித்துத் திருப்பினால் பின்பக்கம் முழுக்கச் சுருக்கம். இரண்டு முறை பிரித்துவிட்டேன்.

பதில்: தையலைக் குறை சொல்லாதீர்கள். மூன்று அடுக்கையும் பிடித்து வைத்ததில்தான் குறை. நன்றாகத் துடைத்த தரையில் அடித்துணியை நல்ல பக்கம் கீழே இருக்கும்படி விரித்து, எதிரெதிர் ஓரங்களைத் தரையில் டேப் போட்டு ஒட்டுங்கள். சுருக்கமில்லாமல் இருந்தால் போதும், வீணைத் தந்தி போல இழுக்கக் கூடாது. அளவு மீறி இழுத்தால் டேப்பை எடுத்ததும் அது சுருங்கி, நீங்கள் சொல்லும் அதே சுருக்கத்தைக் கொடுக்கும். அதன்மேல் நடு அடுக்கு, அதன்மேல் மேல்துணி. ஒவ்வொன்றையும் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக உள்ளங்கையால் தடவி விடுங்கள். பிறகு மூன்று அடுக்கையும் சேர்த்து ஊக்குக் குத்துங்கள். கைவிரல்களை மடக்கித் துணிமேல் வையுங்கள். எங்கே வைத்தாலும் கைக்கடியில் ஒரு ஊக்காவது தட்டுப்பட வேண்டும், அதுதான் இடைவெளி. ஊக்கு போதாதவர்கள் வெள்ளை நூலால் நீளத் தையலாக இழையோட்டுங்கள். நிற நூல் வேண்டாம், பிரித்த பிறகும் சாயப்புள்ளி நிற்கலாம்.

முட்டி வலி உள்ளவர்கள் இதே வேலையைச் சாப்பாட்டு மேசையில் பாதி பாதியாக நகர்த்திச் செய்யலாம்.

கேள்வி (திண்டுக்கல்): என்னிடம் இருப்பது மாமியாரின் கறுப்பு உஷா மெஷின், கால்மிதி. இதில் மூன்று அடுக்கு ஓடுமா?

பதில்: தாராளமாக ஓடும். 16ஆம் நம்பர் ஊசி போடுங்கள். ஃபுட்டை அழுத்தும் தண்டின் மேல் ஒரு திருகு இருக்கிறதல்லவா, அதைச் சற்றுத் தளர்த்துங்கள். தையல் நீளத்தை இஞ்சுக்கு 8 என்று பெரிதாக்குங்கள். முதல் கோட்டை நடுவில் போட்டு, இரு பக்கத்தையும் பாய் போலச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, ஓரத்தை நோக்கிப் போங்கள். துணியை இழுக்காதீர்கள், மெஷினே எடுத்துக்கொள்ளட்டும். குவில்ட்டின் பாரம் தரையை நோக்கித் தொங்கினால் தையல் கோணும். இடப்பக்கம் ஒரு ஸ்டூலைப் போட்டு அதைத் தாங்குங்கள்.

கேள்வி (சேலம்): ஓரத்தைச் சுற்றித் துணிப்பட்டி வைத்து மூடும் பைண்டிங்தான் எனக்கு எமன். எவ்வளவு பட்டி வெட்டுவது, மூலையை எப்படித் திருப்புவது? விளக்கமாகச் சொல்லுங்கள் அக்கா.

பதில்: முதலில் ஓரத்தைச் சீராக வெட்டுங்கள். பெரிய ஸ்கேலும் ஒரு மூலைமட்டமும் வைத்து நான்கு மூலையும் செங்கோணமாக வருகிறதா பாருங்கள். மூலைவிட்டம் இரண்டும் ஒரே அளவு வர வேண்டும். அது சரியில்லாவிட்டால் எந்தப் பைண்டிங்கும் குவில்ட்டைக் காப்பாற்றாது.

கணக்கு: 60க்கு 90 என்றால் சுற்றளவு 300 இஞ்ச். இணைக்கவும் மூலைக்கும் 12 சேர்த்தால் 312. கடைத்துணியின் அகலம் 42 என்று வைத்தால், 2½ இஞ்ச் அகலத்தில் 8 பட்டி. அதாவது 20 இஞ்ச் துணி. புடவையில் வெட்டினால் இன்னும் சுலபம். ஐந்தரை மீட்டர் புடவையின் நீளவாக்கில் ஒரு பட்டி 216 இஞ்ச் வரும், ஆகவே இரண்டு பட்டியும் ஒரே ஒரு இணைப்பும் போதும். ஆனால் குவில்ட்டில் முதலில் தேய்வது ஓரம்தான். அதற்கு இற்றுப்போன புடவையைக் கொடுக்காதீர்கள், ஓரிரு முறை மட்டும் கட்டிய கண்டாங்கி போன்ற கெட்டித் துணியாக எடுங்கள்.

பட்டிகளைச் சாய்வாக இணைத்து, நீளவாக்கில் இரண்டாக மடித்து இஸ்திரி போடுங்கள். மூலையில் தொடங்காதீர்கள், ஒரு பக்கத்தின் நடுவில் தொடங்குங்கள். பட்டியின் தொடக்கத்தில் 8 இஞ்ச் வாலைத் தைக்காமல் விடுங்கள். பட்டியின் திறந்த ஓரம் குவில்ட்டின் ஓரத்தோடு ஒட்டி நிற்க, கால் இஞ்ச் உள்ளே தையல்.

மூலைக்குக் கால் இஞ்ச் முன்னால் நிறுத்தி, முன்பின் இரண்டு தையல் போட்டு நூலை வெட்டுங்கள். இப்போது பட்டியை உங்களுக்கு எதிர்ப்பக்கமாக மேலே தூக்கி மடியுங்கள்: அடியில் ஒரு சாய்வுக்கோடு தெரியும், பட்டி அடுத்த பக்கத்தின் நேர்க்கோட்டில் நிற்கும். அந்தச் சாய்வை விரலால் அழுத்திக்கொண்டே பட்டியைத் திரும்பக் கீழே இறக்குங்கள். மேல் மடிப்பு குவில்ட்டின் மேல் ஓரத்தோடு சமமாக இருக்க வேண்டும். அந்த ஓரத்திலிருந்தே அடுத்த தையலைத் தொடங்குங்கள். பின்பக்கம் திருப்பும்போது மூலை தானாகக் கூர்மையாக விழும். முதல் தடவை காகிதத்தில் மடித்துப் பாருங்கள், பத்து நிமிடத்தில் கை பிடித்துவிடும்.

பின்பக்கத்தை நான் மெஷினில் தைப்பதில்லை, கையால்தான் ஹெம்மிங். மடியில் குவில்ட்டைப் போட்டுக்கொண்டு ஊசி ஓட்டும் அந்த இரண்டு மாலைப்பொழுதுகளுக்காகவே நான் அடுத்த குவில்ட்டைத் தொடங்குகிறேன் என்று சொல்லலாம்.

கேள்வி: பட்டியைக் கிராஸில்தான் (துணியின் மூலைவாக்கில்) வெட்ட வேண்டுமா?

பதில்: ஓரம் வளைவாக இருந்தால் மட்டும். நேரான ஓரத்துக்கு நேர்ப்பட்டி போதும், துணியும் வீணாகாது.

கேள்வி (கோவை): பைண்டிங்கே இல்லாமல் முடிக்க முடியாதா?

பதில்: முடியும். கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளிச் சித்தி மக்களின் பெண்கள் கவந்த் என்ற குவில்ட்டை அப்படித்தான் தைக்கிறார்கள். அவர்கள் தொடங்குவதே ஓரத்தில். முதலில் ஓரத்தை உள்பக்கம் மடித்து, பழைய துணித் துண்டுகளை ஒவ்வொன்றாக வைத்து, ஓட்டுத்தையலில் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கி வருகிறார்கள். மேல்துணி தனி, பின் இணைப்பது தனி என்ற பிரிவே கிடையாது. நான்கு மூலையிலும் மடித்த முக்கோணத் துணிகளை அடுக்கிப் பூ போல வைப்பார்கள். அந்தப் பூ இல்லாத கவந்த் அவர்களுக்கு முழுமையானது அல்ல. நம் கோடு கோடான கணக்குகளிலிருந்து வெகுதூரம் விலகிய, மனம் நிறைந்த முறை. ஒரு தொட்டில் போர்வை அளவில் செய்து பாருங்கள்.

கேள்வி (மேலூர்): சிவப்புச் சுங்குடித் துண்டு பக்கத்து வெள்ளையில் இறங்கிவிட்டது. உப்புப் போட்டு அலசினேன், பலன் இல்லை.

பதில்: காயவிடாதீர்கள், இஸ்திரி போடவே போடாதீர்கள். எல்லாம் பருத்தி என்றால், பெரிய டப்பில் நல்ல சூடான நீரை நிறைய ஊற்றி, சோப்புத்தூள் கலந்து, குவில்ட் முழுவதும் அமிழும்படி இரவெல்லாம் ஊறவிடுங்கள். காலையில் தண்ணீர் சிவந்திருந்தால் மாற்றி மறுபடி ஊறவையுங்கள். துணியில் ஒட்டாத சாயம் தண்ணீரில் கரைந்து நிற்க நிறைய இடம் வேண்டும், அதனால்தான் இவ்வளவு தண்ணீர். உப்பும் வினிகரும் இன்றைய சாயங்களை நிறுத்தாது. என் முதல் குவில்ட்டில் நானும் அவற்றை நம்பி ஒரு வெள்ளை வாயில் துணியை இழந்தேன். அன்றிலிருந்து வெட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு புடவையையும் தனித்தனியாக ஊறவைத்து, ஈரத்தின்மேல் வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பார்க்கிறேன்.

நம் மெட்ராஸ் கட்டம் போட்ட துணியே இப்படிச் சாயம் போவதில் பெயர் வாங்கியதுதான். 1950களின் இறுதியில் அமெரிக்காவில் அந்தத் துணியில் தைத்த சட்டைகள் சாயம் போய்ப் பெரும் புகார் எழுந்தது. பிறகு சாயம் போவதையே சிறப்பாகச் சொல்லி விளம்பரம் செய்து விற்றார்கள். ஒற்றைச் சட்டைக்கு அது அழகாகலாம். வெள்ளையும் சிவப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் குவில்ட்டுக்கு ஆகாது.

கேள்வி (சென்னை): மேடம், இரண்டு பேர், ஒரு குழந்தை, ஒரே படுக்கையறை. தையலுக்குத் தனி அறை என்பது கனவு. எடுத்தால் வைக்க இடமில்லை, வைத்தால் எடுக்க நேரமில்லை.

பதில்: தனி அறை இல்லாமலே முடிக்கலாம். எனக்கும் பல வருடம் கூடத்தின் ஒரு மூலைதான் இருந்தது. அங்கே கற்றுக்கொண்டது ஒன்று: ஒரு வேலைக்கு ஒரு பெட்டி. ஜவுளிக்கடையில் புடவை வைத்துக் கொடுக்கும் தட்டையான அட்டைப்பெட்டி இதற்கு நன்றாகப் பொருந்தும். வெட்டிய துண்டுகள், அதற்கான நூல்கண்டு, நூல் சுற்றிய பாபின், ஊசி எல்லாம் அதற்குள் இருக்கட்டும். மூடும்போது ஒரு சீட்டில் அடுத்த வேலை என்ன என்று ஒரு வரி எழுதி மேலே வையுங்கள். "மூன்றாம் வரிசை, நீலத்துண்டு இடப்பக்கம்" என்பது போல. குழந்தை தூங்கும் நாற்பது நிமிடத்தில் முப்பது நிமிடம் எங்கே விட்டோம் என்று தேடுவதில்தான் போகிறது. அந்தச் சீட்டு அதை மிச்சப்படுத்தும்.

வெட்டுவது நின்றுகொண்டு. சாப்பாட்டு மேசை தாழ்வாக இருந்து முதுகு பிடித்தால் கால்களுக்கடியில் மரக்கட்டை வைத்து, முழங்கைக்குச் சற்றுக் கீழே வரும் உயரத்துக்கு ஏற்றுங்கள். கட்டிங் மேட்டைப் பீரோவுக்குப் பின்னால் சாய்த்து வைக்காதீர்கள், வெயில் படும் இடத்திலும் வேண்டாம். வளைந்துவிட்டால் அதில் நேராக வெட்ட முடியாது. கட்டிலுக்கடியில் தட்டையாகக் கிடக்கட்டும். பாபின், பட்டன், ஊக்கு எல்லாவற்றுக்கும் பழைய அஞ்சறைப்பெட்டி இருக்கிறது. வீட்டில் தவழும் குழந்தை என்றால், தொடங்கும்போது குண்டூசியை எண்ணுங்கள், முடிக்கும்போதும் எண்ணுங்கள், கடைசியில் தரையில் காந்தம் ஓட்டுங்கள். இதில் ஒரு நாள்கூடத் தவற வேண்டாம்.

கேள்வி: வெட்டுத்துணி மூன்று மூட்டை சேர்ந்துவிட்டது. நிறவாரியாகப் பிரிக்கலாமா?

பதில்: நிறத்தைவிட அளவு முக்கியம். ஐந்து இஞ்ச் சதுரம், இரண்டரை இஞ்ச் பட்டி என இரண்டே பெட்டி. அதில் சேராததைத் தலையணைக்குள் அடைக்கலாம். மதுரைப் புது மண்டபத்துத் தையல்காரர்களிடம் மூட்டையாக வாங்கிய காலத்திலிருந்து நான் இப்படித்தான் செய்கிறேன். அவர்கள் கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன.

கேள்வி (நாகப்பட்டினம்): முடித்த குவில்ட்டை எப்படி வைப்பது?

பதில்: கஞ்சிப் பசை இல்லாமல் துவைத்து, முழுக்கக் காயவைத்து, பழைய பருத்தித் தலையணை உறைக்குள் போடுங்கள். கஞ்சி இருந்தால் வெள்ளிப்பூச்சி தேடி வரும். பிளாஸ்டிக் உறை வேண்டாம், கடற்கரை ஈரம் உள்ளேயே நின்றுவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரித்து மடிப்பை மாற்றுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர், ஓய்வுபெற்ற ஆசிரியர்): அம்மா, என் மனைவி கையால் தைத்துக்கொண்டிருந்த மேல்துணி பாதியில் நிற்கிறது. சென்ற ஆண்டு அவள் தவறிவிட்டாள். ஊசி இன்னும் துணியில் குத்தியபடி இருக்கிறது. எனக்குப் பட்டன் தைக்க மட்டும் தெரியும். இதை நான் முடிக்க முடியுமா?

பதில்: முடியும் ஐயா. பட்டன் தைக்கத் தெரிந்த கைக்கு இதுவே போதும்.

அதைத் துவைக்காதீர்கள், பிசிர் ஓரங்கள் அவிழ்ந்துவிடும். அவர்கள் இணைத்த வரைக்கும் அதுதான் அளவு. மீதியையும் சேர்த்தே ஆகவேண்டும் என்பதில்லை. நின்ற வரிசையை மட்டும் நிறைவு செய்யுங்கள். நடு அடுக்குக்கும் அடித்துணிக்கும் அவர்கள் கட்டிய பருத்திப் புடவைகளையே எடுங்கள். பிறகு தையல் கோடுகள் ஓட்டத் தேவையில்லை, முடிச்சுப் போட்டால் போதும். தடித்த பருத்தி நூலை இரட்டையாகக் கோர்த்து, மேலிருந்து கீழே குத்தி, கால் இஞ்ச் தள்ளி மேலே எடுத்து, இரண்டு முறை இறுக முடிந்து, அரை இஞ்ச் விட்டு வெட்டுங்கள். நான்கு விரற்கடை இடைவெளியில் இப்படியே எங்கும். பட்டன் தைப்பதும் இதே கையசைவுதான். ஓரத்துக்கு அடித்துணியை இரண்டு இஞ்ச் அதிகமாக விட்டு, அதையே முன்பக்கம் மடித்துக் கொண்டுவந்து தைத்துவிடலாம்.

பின்பக்கத்தின் கீழ்மூலையில் ஒரு சிறு வெள்ளைத்துணி வைத்து, அவர்கள் பெயரும் உங்கள் பெயரும், அவர்கள் தொடங்கிய ஆண்டும் நீங்கள் முடித்த ஆண்டும் பென்சிலால் எழுதி, அதன்மேல் நூலோட்டுங்கள்.

குத்தி நிற்கும் ஊசி துருப்பிடித்திருக்கும், அதை மெதுவாக உருவி எடுத்துவிடுங்கள். நூலை வெட்ட வேண்டாம். லேசாக இழுத்துப் பாருங்கள், தாங்கினால் அதே நூலைப் புது ஊசியில் கோர்த்து, அவர்கள் விட்ட இடத்திலிருந்து முதல் தையலைப் போடுங்கள்.