கட்டுப் போடும் முன் கணுக்காலில் அழுத்தம் பார்த்தார்களா?

இம்முறை கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கமிருந்து வந்த கேள்விகள் பெரும்பாலும் கால்களைப் பற்றியவை. ரத்தநாள அறுவை சிகிச்சை மருத்துவர் என்ற முறையில் பதிலளிக்கிறேன்.

டீக்கடையில் நாள் முழுதும் நின்றே வேலை செய்கிறேன். இடது கணுக்காலின் உட்புறப் புண் எட்டு மாதமாக ஆறவில்லை. பாலக்காட்டில் இறுக்கிக் கட்டச் சொன்னார்கள். கோயம்புத்தூரில் கட்டவே கூடாது என்றார்கள். எதை நம்புவது, டாக்டர்?

அளந்து பார்த்துச் சொன்னவரை நம்புங்கள். வெரிகோஸ் நரம்பால் (இங்கே நரம்பு என்பது வீங்கி முறுக்கிக்கொண்ட சிரை) வந்த புண்ணுக்கு இறுக்கக் கட்டுதான் மருந்து. ஆனால் காலுக்கு ரத்தம் கொண்டுவரும் தமனி அடைத்திருந்தால், அந்தக் காலில் அதே கட்டு விரல்களைக் கறுக்கச் செய்துவிடும். உங்களைப் படுக்க வைத்துச் சற்று நேரம் கழித்து, கையிலும் கணுக்காலிலும் பி.பி. பட்டையைச் சுற்றி, ரத்த ஓட்டத்தை ஒலியாகக் கேட்கச் செய்யும் பேனா அளவுள்ள டாப்ளர் கருவியைப் பாதத்தின் மேல் வைப்பார்கள். காற்றை ஏற்றும்போது 'விஷ், விஷ்' என்ற ஒலி நின்று, இறக்கும்போது எந்த எண்ணில் மீண்டும் கேட்கிறதோ அதுவே கணுக்கால் அழுத்தம். கையில் 140, கணுக்காலில் 84 என்றால், கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்து வரும் விகிதம் 0.6. பொதுவாக 0.8க்கு மேல் இருந்தால் முழு இறுக்கத்தில் கட்டலாம், 0.5க்குக் கீழே கட்டக் கூடாது. இடையில் இருந்தால் நிபுணரின் கண்காணிப்பில் குறைந்த இறுக்கம் மட்டுமே. நீண்டகாலச் சர்க்கரை நோயாளிகளின் தமனியில் சுண்ணாம்பு படிந்து, விகிதம் 1.3ஐத் தாண்டிப் பொய்யாகக் காட்டும். அவர்களுக்குக் கால்விரலில் அளக்க வேண்டும்.

புண் ஆறிய பிறகுதான் வெரிகோஸ் நரம்பை அடைக்கும் லேசர் செய்வார்களா?

முன்பு அப்படித்தான் காத்திருந்தோம். பிரிட்டனில் 450 நோயாளிகளிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், நரம்பை உடனே அடைத்தவர்களுக்குப் புண் ஆற இடைநிலை மதிப்பாக (அதாவது பாதிப் பேருக்கு ஆறிய காலம்) 56 நாளும், தள்ளிப்போட்டவர்களுக்கு 82 நாளும் ஆயின. இரு பிரிவினருமே கட்டுப் போட்டிருந்தார்கள் என்பதை மறக்க வேண்டாம். லேசர் செய்துவிட்டால் கட்டு தேவையில்லை என்று யாராவது சொன்னால், அது இந்த ஆய்வு சொல்லாத செய்தி.

அப்பாவுக்கு வயது 64, பீடிப் பழக்கம் உண்டு. நூறு மீட்டர் நடந்தால் கெண்டைக்கால் பிடிக்கிறது, நின்றால் சரியாகிறது. உடனே ஸ்டென்ட் வைக்க வேண்டுமா?

இந்த நிலையில் அவசரம் இல்லை, அம்மா. பீடியை அடியோடு நிறுத்துவதும், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின், ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகளும், முறையான நடைப்பயிற்சியும்தான் முதல் சிகிச்சை: வலி வரும்வரை நடந்து, நின்று, மறுபடி நடப்பதாக 30 முதல் 45 நிமிடம், வாரம் மூன்று முறை, குறைந்தது 12 வாரம். இதை எழுதிக் கொடுத்தால் 'மருந்தே எழுதவில்லையே' என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆனால் இரவில் வலி தாங்காமல் காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட ஆரம்பித்தாலோ, விரல் கறுத்தாலோ காத்திருக்கக் கூடாது. கால் திடீரென ஜில்லிட்டு வெளுத்து மரத்துப்போனால் அன்றே, அந்த மணியே போக வேண்டும். ஆறு மணி நேரத்துக்குள் ரத்தம் திரும்பாவிட்டால் தசை அழுகத் தொடங்கிவிடும்.

ஒரு கால் மட்டும் திடீரென வீங்கியிருக்கிறது. ஆயுர்வேதக் குழம்பு எண்ணெய் தேய்த்து உருவிவிடலாமா?

கூடாது. உள் நரம்பில் ரத்தக்கட்டி இருந்தால் அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போகக்கூடும். முதலில் டாப்ளர் ஸ்கேன்.

வெரிகோஸ் ஆபரேஷனுக்கு முன் நிற்க வைத்துக் காலில் கோடு போட்டது எதற்கு?

படுத்தால் நரம்பு ஒடுங்கி மறைந்துவிடும். எந்தக் கால் என்பதும் அதனால் உறுதியாகும். உலக சுகாதார நிறுவனத்தின் 19 அம்சப் பட்டியலின்படி மயக்க மருந்துக்கு முன்பும், கத்தி வைக்கும் முன்பும், அறையை விட்டு வெளியேறும் முன்பும் குழுவினர் வேலையைச் சற்று நிறுத்திச் சரிபார்க்க வேண்டும். என் பயிற்சிக் காலத்தில், முந்தின இரவு கோடு போட்டிருந்த ஓர் அம்மா காலையில் தலைக்குக் குளித்துவிட்டு வந்தார். கோடு மொத்தமும் போயிருந்தது. கேஸ் ஷீட்டில் வலது கால், ஸ்கேனில் இடது கால். மயக்க மருந்துக்கு முன் நர்ஸ் கேட்ட கேள்வியில்தான் அது பிடிபட்டது. அவரை மேசையிலிருந்து இறக்கி நிற்க வைத்து, அழியாத பேனாவால் இடது காலில் மறுபடி வரைந்தோம்.