எட்டுப் பழைய கணினிகளும் பட்டன் பேட்டரியும்

கேள்வி: எங்கள் தொடக்கப் பள்ளிக்கு முன்னாள் மாணவர் ஒருவர் எட்டுப் பழைய கணினிகள் கொடுத்திருக்கிறார். கோர் 2 டுயோ பிராசஸர், 2 ஜிபி ராம் (தற்காலிக நினைவகம்). விண்டோஸ் திறப்பதற்குள் பீரியடே முடிந்துவிடுகிறது. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போடலாம் என்கிறார்கள். எதைப் போடுவது?
– தலைமை ஆசிரியை ஒருவர், துறையூர் அருகே

பதில்: தாராளமாகப் போடலாம் டீச்சர். அதற்கு முன் பெட்டியைத் திறந்து தூசி தட்டுங்கள். மதர்போர்டில் நாணயம் போல ஒரு பேட்டரி இருக்கும், 2032 என்று எழுதியிருக்கும். அது தீர்ந்தால் கணினி தேதியை மறந்துவிடும், எட்டையும் மாற்றிவிடுங்கள். ஒரு பள்ளியில் இரண்டு மணி நேரம் நெட்டைத் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் கணினியில் தேதி 2007! தேதி தப்பாக இருந்தால் பிரௌசர் பல தளங்களைத் திறக்காது.

அப்புறம் ராமை 4 ஜிபி ஆக்குங்கள். உள்ளே இருக்கும் ராம் எந்த வகை, டிடிஆர்2வா டிடிஆர்3யா என்று பார்த்து வாங்குங்கள், ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாது. பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு 120 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பகம்) போட்டால், கணினியே புதிதாகிவிட்டதா என்று கேட்பீர்கள்.

கோர் 2 டுயோ 64 பிட் வகைதான், இன்றைய லினக்ஸ் அதில் ஓடும். அதனால் லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பே போதும். ராம் வாங்கப் பணமில்லை என்றால் லுபுண்டு என்ற இன்னொரு இலகுவான லினக்ஸ். இதற்கு மேல் இதில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

பிள்ளைகளுக்குப் படம் வரைய டக்ஸ் பெயின்ட், விளையாடிக் கற்க ஜிகாம்ப்ரி என்ற இரண்டு மென்பொருளையும் நிறுவுங்கள். நிறுவியபின் நெட் தேவையில்லை. டக்ஸ் பெயின்டில் எனக்குப் பிடித்தது, படத்தைச் சேமிக்கும்போது பெயர் கேட்காது. எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளையிடம் ஃபைல் பெயர் கேட்டால் என்ன செய்யும்? ஜிகாம்ப்ரியில் நூற்றுக்கும் மேற்பட்ட விளையாட்டுகள். மவுஸ் பிடிக்கப் பழக்குவதிலிருந்து ஆரம்பியுங்கள். எட்டுக் கணினியிலும் டக்ஸ் பெயின்ட் ஒன்றாகச் சத்தம் போட்டால் தலைவலிதான். ஆல்ட்டும் எஸ்ஸும் அழுத்தினால் அடங்கிவிடும்.

மாணவர்களுக்குத் தனிக் கணக்கு, நிர்வாகக் கடவுச்சொல் உங்களிடம் மட்டும். அப்படியும் திரையின் கீழ்ப்பட்டையை அழித்துவிடுவார்கள். எப்படி அழிப்பது என்று எனக்கே காட்டிக்கொடுத்தவன் ஒரு மூன்றாம் வகுப்புப் பையன். ஆகவே ஒரு கணினியை முழுதாகத் தயார் செய்து, டிஸ்க்கை அப்படியே நகலெடுக்கும் குளோன்சில்லா என்ற மென்பொருளில் நகல் எடுத்து மற்ற ஏழிலும் இறக்குங்கள். எஸ்எஸ்டி எல்லாம் ஒரே அளவாக இருந்தால் சிக்கல் வராது. நகலைப் பென் டிரைவில் வைத்துக்கொண்டால், எது கெட்டாலும் திரும்ப இறக்கிக்கொள்ளலாம்.

மவுஸ் மட்டும் பத்தாக வாங்குங்கள். எட்டு போதாது.