ஏணியை மட்டும் விட்டுவிடுங்கள்

கேள்வி: எனக்கு 68 வயது. முப்பது வருடங்களுக்கு மேலாக வீடுகளிலும் சின்ன அலுவலகங்களிலும் ஜன்னல் கண்ணாடி துடைத்துக் கொடுக்கிறேன். சொந்தத் தொழில், உதவிக்கு ஆள் இல்லை. என் வயதுக்காரர்கள் எல்லாரும் ஓய்வு பெற்றுவிட்டார்கள். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன், மற்றபடி நன்றாக இருக்கிறேன். மனைவியும் மகளும் "போதும், நிறுத்துங்கள்" என்கிறார்கள். நிறுத்தினால் வருமானமும் போய்விடும், நானும் படுத்துவிடுவேன் என்று பயமாக இருக்கிறது. போன மாதம் ஏணியிலிருந்து இறங்கும்போது இரண்டு தடவை கால் தவறியது. விழவில்லை. வீட்டில் சொல்லவில்லை. நான் தொடரலாமா?

பதில்:

ஐயா, உங்கள் கடிதத்தின் முக்கால் பகுதியைப் படிக்கும்வரை "தாராளமாகத் தொடருங்கள்" என்று எழுதத்தான் நினைத்தேன். கடைசி மூன்று வரிகள் என்னை நிறுத்திவிட்டன. மனைவியிடமும் மகளிடமும் மறைத்ததை எனக்கு எழுதியிருக்கிறீர்கள். யாராவது இதைக் கேட்டுவிட்டு ஒரு பதில் சொல்லட்டும் என்று நீங்களே விரும்பியிருக்கிறீர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். வேலையை விட வேண்டாம். ஏணியை விட்டுவிடுங்கள். முப்பது வருடப் பழக்கத்தில் இரண்டும் ஒன்று போலத் தெரியும், ஆனால் ஒன்றில்லை.

என் அப்பா பெயின்டர். 66 வயதில் ஏணியிலிருந்து விழுந்தார். உச்சியிலிருந்து அல்ல, கடைசிப் படியிலிருந்து. வேலை முடிந்து ஒரு கையில் டப்பாவோடு இறங்கியவர், தரை வந்துவிட்டது என்று காலை வைத்தார். இன்னும் ஒரு படி பாக்கி இருந்தது. ஓர் அடி உயரம் இருந்தால் அதிகம். இடுப்பெலும்பு முறிந்தது. எலும்பு எப்படியோ கூடிவிட்டது. ஆனால் படுக்கையில் கிடந்த அந்த வாரங்களில் தொடைச் சதை கரைந்து கால் குச்சியாகிப்போனது. வயதானவர்களுக்குப் படுக்கையில் கரைந்த சதை லேசில் திரும்பாது. அதற்குப் பிறகு அவர் பிரஷைத் தொடவே இல்லை.

அன்று அவர் போட்டிருந்தது, தூரப் பார்வைக்கும் படிப்பதற்கும் சேர்த்துச் செய்த மூக்குக்கண்ணாடி. அதன் கீழ்ப்பாதி, கையில் பிடித்த காகிதத்தைப் படிப்பதற்கானது. ஏணியில் நின்றபடி குனிந்து பார்த்தால் பார்வை அந்தப் பகுதி வழியாகத்தான் போகும், காலடியில் இருக்கும் படி மங்கலாகிவிடும். உங்களுடையதும் அப்படிப்பட்ட கண்ணாடியா? அப்படியானால் வேலைக்கென்று தூரப் பார்வைக் கண்ணாடி ஒன்றைத் தனியாகச் செய்துகொள்ளுங்கள். ஏணியே வேண்டாம் என்றாலும் வாசல்படி, மாடிப்படி எல்லாம் இருக்கிறதே. கண்புரை இருக்கிறதா என்றும் அப்போதே பார்க்கச் சொல்லுங்கள். வெயில் பட்டு மின்னும் கண்ணாடியை நாள் முழுக்கப் பார்க்கும் தொழில் உங்களுடையது.

அடுத்தது மாத்திரை. ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களில் சிலருக்குக் குனிந்து நிமிரும்போது சட்டென்று தலை கிறுகிறுக்கும். வாளியில் துணியைப் பிழிந்துவிட்டு நிமிர்வதை ஒரு நாளில் எத்தனை தடவை செய்கிறீர்கள்! மருத்துவரிடம் "ஜன்னல் துடைக்கிற வேலை, குனிந்து நிமிர்ந்துகொண்டே இருப்பேன், போன மாதம் இரண்டு தடவை கால் தவறியது" என்று அப்படியே சொல்லுங்கள். மருந்தின் அளவையோ நேரத்தையோ மாற்றலாமா என்று அவர் முடிவு செய்வார். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

ஏணிக்கு விதிகள் இருக்கின்றன, உங்களுக்குத் தெரியாததல்ல. நாலு அடி உயரத்துக்கு ஓர் அடி தள்ளி வைக்க வேண்டும், இரண்டு கால் ஒரு கை எப்போதும் ஏணியில் இருக்க வேண்டும். ஆனால் உங்கள் தொழிலில் ஒரு கையில் வைப்பர், இன்னொரு கையில் ஈரத்துணி. வைப்பரை இழுக்கும்போது தண்ணீர் முழங்கை வரை ஒழுகிப் படியிலும் சொட்டும். எட்டாத மூலைக்கு உடம்பை ஒருபக்கமாக வளைப்பீர்கள். அந்த நேரத்தில் நீங்கள் விழாமல் இருப்பது காலின் பலத்தாலும், தடுமாறினால் உடனே சுதாரித்துக்கொள்ளும் வேகத்தாலும்தான். 68 வயதில் குறைவது அந்த இரண்டும்தான், உங்கள் கைத்திறமை அல்ல. உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் 60 வயதைக் கடந்தவர்கள்தான் அதிகம்.

சரி, வேலையை ஏன் விட வேண்டாம் என்கிறேன்? 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது உடல் பலத்துக்கும் சமநிலைக்கும் பயிற்சி செய்ய வேண்டும் என்று அதே நிறுவனம்தான் சொல்கிறது. வாளி தூக்குவதும் நடப்பதும் குனிவதும் கையை உயர்த்துவதும் உங்களுக்குத் தினமும் நடக்கிறது. திடீரென்று எல்லாவற்றையும் விட்டு நாற்காலியில் உட்கார்ந்தால் படுத்துவிடுவேன் என்ற உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. மகளிடம் இதைச் சொல்லுங்கள். கூடவே கால் தவறியதையும் சொல்லுங்கள்.

மேல்மாடி ஜன்னலுக்கு இப்போது தண்ணீர் ஏறும் நீளக் கம்பம் இருக்கிறது. நுனியில் பிரஷ், பக்கத்தில் குழாய். தரையில் நின்றே இரண்டு மூன்று மாடி எட்டும். தாது உப்புகளை நீக்கிய சுத்தமான தண்ணீர்தான் இதில் முக்கியம். சாதாரணத் தண்ணீர் காய்ந்தால் அதிலுள்ள உப்பு வெள்ளைப் புள்ளியாக நிற்கும். உப்பே இல்லாத தண்ணீரில் நிற்பதற்கு எதுவும் இல்லை, துடைக்காமலே பளிச்சென்று காயும். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் அளவு பூஜ்யத்தை ஒட்டி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

கம்பத்திலும் கஷ்டம் உண்டு. முழுக்க நீட்டினால் நுனி ஆடும், அதை அடக்குவதில் தோள்பட்டை போய்விடும். அண்ணாந்தே பார்த்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும். சுவரை ஒட்டி நிற்காமல் கொஞ்சம் தள்ளி நின்று, தோளால் தள்ளாமல் காலை முன்னும் பின்னும் மாற்றி உடம்போடு சேர்த்து அசையுங்கள். ஃபைபர் கிளாஸைவிட கார்பன் ஃபைபர் கம்பம் எடை குறைவு, உங்களுக்கு அதுதான் சரி. ஆனால் கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். மின்கம்பி போகிற பக்கம் கம்பத்தை நிமிர்த்தவே கூடாது, அந்த ஜன்னல் அழுக்காகவே இருக்கட்டும். தரையில் கிடக்கும் குழாய் காலில் மாட்டாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். வாங்குவதற்கு முன் யாரிடமாவது இரவல் வாங்கி இரண்டு நாள் பிடித்துப் பாருங்கள்.

கம்பமும் ஒத்துவரவில்லையா? தரைத்தளம் மட்டும் செய்யுங்கள். மாடி வேலையைச் சுறுசுறுப்பான இளைஞர் ஒருவரிடம் விட்டு, அவரோடு பங்கு பேசிக்கொள்ளலாம். முப்பது வருடமாக உங்களை நம்பி வீட்டைத் திறந்துவிடுகிற வாடிக்கையாளர்கள் இருக்கிறார்களே, அதற்கு மதிப்பு உண்டு. புதிதாகத் தொழிலுக்கு வருகிறவருக்கு அது லேசில் கிடைக்காது. ஒரு நாளில் செய்யும் வீடுகளையும் குறையுங்கள். களைத்த கால்தான் தவறும். காப்பீடு இருந்தால், எந்த வயது வரை செல்லும் என்று பாலிசியை எடுத்துப் படியுங்கள். சொந்தத் தொழில்காரருக்கு விழுந்து கிடக்கும் நாளுக்குச் சம்பளம் கொடுக்க ஆளில்லை.

இன்று சாயங்காலம் ஒன்று செய்து பாருங்கள். கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு உட்காருங்கள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, 30 நொடியில் எத்தனை தடவை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ண வேண்டும். உங்கள் வயது ஆண்களுக்கு 12க்குக் கீழே போனால் கால் பலம் குறைவு என்று கணக்கு. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை செய்து எண்ணிக்கையை எழுதி வையுங்கள். குறைந்துகொண்டே போனால் வேலையையும் அதற்கேற்பக் குறைக்க வேண்டும்.

நீங்களே எண்ண வேண்டாம். மனைவியைப் பக்கத்தில் நின்று எண்ணச் சொல்லுங்கள். போன மாதம் நடந்ததைச் சொல்லவும் அப்போது வாய்ப்புக் கிடைக்கும்.