அறுபதைத் தாண்டிய பெற்றோருக்கு டிஸ்னியின் கிறிஸ்துமஸ் இரவு டிக்கெட் எடுப்பது காசுக்குத் தகுமா?

எடுங்கள் தம்பி, இரண்டு பேருக்கும் எடுங்கள்.

நீங்கள் கேட்டது இதுதான்: தர்மபுரியில் இருக்கும் அப்பா அம்மா நவம்பரில் ஃபுளோரிடாவுக்கு உங்களைப் பார்க்க வருகிறார்கள், டிஸ்னி வேர்ல்டில் மேஜிக் கிங்டம் என்ற கேளிக்கைப் பூங்காவில் நடக்கும் கிறிஸ்துமஸ் இரவு விழாவுக்குத் தனி டிக்கெட் வாங்க வேண்டும், இருவருக்கும் வயது அறுபதுக்கு மேல், போட்ட காசுக்குத் தகுமா? அதற்கு ஒருவர், "பெரியவர்களை ஹோட்டலில் விட்டுவிட்டு நீங்கள் மட்டும் போய் வாருங்கள், அவர்கள் எந்த ரைடிலும் ஏறப்போவதில்லை, காசு தண்டம்" என்று பதில் எழுதியிருக்கிறார். படித்ததும் மனசு பொறுக்கவில்லை. அவர் சொல்லும் அந்தப் பெரியவர்களில் நானும் ஒருத்தி. எனக்கும் தர்மபுரிதான், குமாரசாமிப்பேட்டை. மகளும் மருமகனும் அதே ஃபுளோரிடாவில், டாம்பா என்ற ஊரில் இருக்கிறார்கள். 2023-இல் தீபாவளி முடிந்த கையோடு நானும் என் வீட்டுக்காரரும் அதே விழாவுக்குப் போனோம்.

அமெரிக்கா போய் வந்ததைப் பெருமையடிக்க வந்துவிட்டாள் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். எங்கள் வீட்டில் காசு கொட்டிக் கிடக்கவில்லை. அவர் பஸ் டிரைவராக இருந்து ரிடையர் ஆனவர். நான் இன்றைக்கும் பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். ஒவ்வொரு ரூபாயையும் எண்ணிச் செலவு செய்யும் வீட்டிலிருந்துதான் இதைச் சொல்கிறேன்.

முதலில் காசுக் கணக்கைப் பார்த்துவிடலாம். நாங்கள் போன அந்த 2023-இல் ஆளுக்கு 159 டாலரிலிருந்து 199 டாலர் வரை இருந்தது, வரி தனி. நவம்பர் ஆரம்பத்து இரவுகள் விலை குறைவு, கிறிஸ்துமஸ் நெருங்க நெருங்க ஏறும். இப்போது இன்னும் கூடியிருக்கிறது. மூன்று வயதுக்குக் கீழே டிக்கெட் வேண்டாம், ஒன்பது வயது வரை கொஞ்சம் குறைவு, நம் வயதுக்கு எந்தச் சலுகையும் கிடையாது. அன்றைக்கே ரூபாயில் மாற்றிப் பார்த்தால் ஒரு ஆளுக்குப் பதிமூன்றாயிரத்துக்கு மேல். தலை சுற்றத்தான் செய்யும். ஆனால் சாதாரண நாளில் பகல் டிக்கெட் எடுத்தாலும் கிட்டத்தட்ட அதே அளவு பணம்தான் ஆகிறது. நிறையப் பேர் செய்வது என்னவென்றால், காலையிலேயே பகல் டிக்கெட்டில் உள்ளே போய்விட்டு, அதே நாள் ராத்திரிக்கு விழா டிக்கெட்டும் வாங்குகிறார்கள். காசு இரண்டு மடங்கு, கால் வலியும் இரண்டு மடங்கு. அதைச் செய்யாதீர்கள். விழா என்னவோ ஏழு மணியிலிருந்து பன்னிரண்டு வரைதான், ஆனால் அந்த டிக்கெட் வைத்திருப்பவர்களைச் சாயங்காலம் நாலு மணிக்கே உள்ளே விடுகிறார்கள். நாலிலிருந்து நடுராத்திரி வரை எட்டு மணி நேரம். அது ஒன்றே ஒரு நாளுக்குப் போதும்.

இன்னொரு வழியையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். டிசம்பர் கடைசி வாரத்தில் இதே கிறிஸ்துமஸ் ஊர்வலத்தையும் வாணவேடிக்கையையும் சாதாரண டிக்கெட்காரர்களுக்கும் காட்டுகிறார்கள். அப்போது போனால் தனி டிக்கெட் தேவையில்லைதானே என்று கேட்பீர்கள். வருடத்திலேயே கூட்டம் அதிகமாக இருக்கும் வாரம் அது, பகல் டிக்கெட் விலையும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். வாலிபப் பிள்ளைகள் போகலாம். முட்டி வலிக்காரர்களை அங்கே கூட்டிப்போவது பாவம். நவம்பரில், தேங்க்ஸ்கிவிங் விடுமுறை வாரத்தை ஒதுக்கிவிட்டு, வார நடுவில் ஒரு ராத்திரியாகப் பாருங்கள்.

இப்போது யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நவம்பரில் ஃபுளோரிடா நேரத்துக்கும் நம் நேரத்துக்கும் பத்தரை மணி நேர வித்தியாசம். அங்கே சாயங்காலம் ஏழு மணி என்றால் நமக்கு விடிகாலை ஐந்தரை. உங்கள் அம்மா தர்மபுரியில் வாசல் தெளிக்கும் நேரம். அங்கே நடுராத்திரி என்றால் இங்கே காலை பத்தரை. ஊரிலிருந்து வந்த புதிதில் நாங்கள் பகலெல்லாம் சோபாவில் சாய்ந்து கிடப்போம், ராத்திரியானால் கண்ணை மூட முடியாது. மகள் டாக்டரிடம் கேட்கலாமா என்றுகூட யோசித்தாள். அப்படிப்பட்ட உடம்புக்கு இந்த ராத்திரி விழா அவ்வளவு பொருத்தமாக அமைந்தது. மருமகன் பதினோரு மணிக்குக் கொட்டாவி விடுகிறார், என் வீட்டுக்காரர் "அடுத்து எங்கே?" என்று கேட்கிறார். ஆகவே அவர்கள் வந்து உடம்பு பழகிய பிறகு கூட்டிப்போகலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். வந்து இரண்டு மூன்று நாள் விமான அலுப்பு தீர்ந்ததும், முதல் வாரத்துக்குள்ளேயே போய்விடுங்கள். அன்றைக்கு மதியம் நன்றாகத் தூங்கவிடுங்கள். நாலு மணிக்கே கதவில் நிற்க வேண்டும் என்று எழுப்பாதீர்கள், ஐந்து மணிக்கு உள்ளே போனால் போதும். ஏழு மணி வரை பகல் கூட்டமும் உள்ளேதான் இருக்கும், எந்த வரிசையும் நகராது. அந்த நேரத்தில் செய்ய வேண்டியது சாப்பாடு மட்டும்தான்.

சாப்பாடு என்றதும் சொல்ல வேண்டும், வீட்டுச் சாப்பாட்டை உள்ளே கொண்டுபோகலாம். கண்ணாடிப் பாட்டிலும் மதுவும் கூடாது. நான் புளிசோறு கிளறி, வேர்க்கடலை தூக்கலாகப் போட்டு, டப்பாவில் எடுத்துப் போயிருந்தேன். வாசலில் பையைச் சோதிக்கும் பெண் மூடியைத் திறந்து பார்த்தாள், நல்லெண்ணெய் வாசனைக்குச் சிரித்தாள், மூடிக் கொடுத்துவிட்டாள். அவ்வளவுதான். குடிக்கத் தண்ணீரும் வாங்க வேண்டாம், சாப்பாட்டுக் கவுண்டர்களில் கேட்டால் ஐஸ் தண்ணீர் கப்பில் இலவசமாகக் கொடுக்கிறார்கள். ஏழு மணிக்கு மேல் அங்கங்கே குக்கியும் சூடான கோகோவும் டிக்கெட்டோடு சேர்த்தே தருகிறார்கள், எத்தனை இடத்தில் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். குக்கியில் முட்டை இருக்கும், அம்மா சுத்த சைவம் என்றால் கேட்டுக் கொடுங்கள். எனக்குக் கோகோ போதுமாக இருந்தது.

ஊர்வலம்தான் அந்த டிக்கெட்டின் உயிர். முன்னிரவில் ஒரு முறை, பின்னிரவில் ஒரு முறை, அதே ஊர்வலம். முதல் முறைக்கு, பூங்கா வாசலை ஒட்டிய மெயின் ஸ்ட்ரீட் என்ற வீதியில் ஒரு மணி நேரத்துக்கு முன்பே இடம் போட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். இரண்டாவது முறை வருவதற்குள் கைக்குழந்தைக்காரர்கள் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். எங்கள் குமாரசாமிப்பேட்டையில் தைப்பூசத்துக்குப் பெண்களே வடம் பிடித்து இழுக்கும் தேர் ஓடும். பிறந்ததிலிருந்து அதைப் பார்ப்பவர்கள் யாரும் தேர் நிலைக்குப் பக்கத்தில் நெரிசலில் போய் நிற்க மாட்டோம், வீதியில் தள்ளி ஒரு திண்ணை பார்த்து உட்காருவோம். அங்கேயும் நான் அதையே சொன்னேன். ஊர்வலம் ஃபிரான்டியர்லேண்ட் என்ற பக்கத்தில் புறப்பட்டு, பூங்கா நடுவில் இருக்கும் கோட்டையைத் தாண்டி, கடைசியில்தான் மெயின் ஸ்ட்ரீட்டுக்கு வருகிறது. புறப்படும் பக்கமே உட்கார்ந்தோம். முன் வரிசை. மரப்பொம்மைச் சிப்பாய் வேடம் போட்டவர்கள் முழங்காலை மடக்காமல் விறைப்பாக அடி வைத்து வருகிறார்கள், கன்னத்தில் சிவப்பு வட்டம், கண்ணைக்கூட அசைப்பதில்லை. பேத்தி எழுந்து நின்று சல்யூட் அடித்தாள். கடைசியில் சாண்டா தாத்தா வருகிறார். ஊர்வலம் போய் முடிந்ததும் அந்தப் பக்கத்து ரைடுகள் காலியாக இருக்கும்.

மெயின் ஸ்ட்ரீட்டில் பனி பொழிகிறது. நிஜப் பனி இல்லை, சோப்பு நுரையைக் காற்றில் விடுகிறார்கள். என் ஸ்வெட்டர் கையில் விழுந்த ஒரு துண்டை விரலால் தொட்டுப் பார்த்தேன், தொட்டவுடன் இல்லை. நுரைதான் என்று தெரிந்தும் நானும் அவரும் அங்கேயே நின்றுகொண்டிருந்தோம். அதற்கு வேறு எந்த விளக்கமும் நான் யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

ரைடில் ஏறப்போவதில்லை என்று எழுதியிருக்கிறாரே, ஏறினோம். 'ஸ்மால் வேர்ல்ட்' படகு பெரியவர்களுக்கென்றே செய்ததுபோல் இருக்கும், உட்கார்ந்தால் போதும். அங்கே இருக்கும் குதிரை ராட்டினம் 1917-இல் செய்தது, நூறு வயதைத் தாண்டியும் ஓடுகிறது. கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சியில் பேத்தியை ராட்டினத்தில் ஏற்றிவிட்டுக் கீழே நின்று கை காட்டும் மனுஷன், அங்கே தானே ஒரு குதிரையில் ஏறி உட்கார்ந்தார். பீப்பிள்மூவர் என்று மேல்மட்டத்தில் மெதுவாகப் போகும் வண்டி ஒன்று உண்டு, ஊரைச் சுற்றிக் காட்டும். ஆனால் ஓடும் பட்டையில் கால் வைத்துத்தான் ஏற வேண்டும், அம்மாவுக்குத் தடுமாற்றம் இருந்தால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஸ்பேஸ் மவுண்டன் மாதிரி தூக்கிப் போடும் ரைடுகள் வேண்டாம். பணம் கட்டி வரிசையைத் தாண்டும் வசதி விழா நேரத்தில் கிடையாது, எல்லோருக்கும் ஒரே வரிசை. எனக்கு அது பிடித்திருந்தது. ஒன்பது மணிக்கு மேல், அதுவும் வாணவேடிக்கை நடக்கும்போதும் கடைசி ஒரு மணி நேரத்திலும் வரிசைகள் சீக்கிரம் நகர்கின்றன. வேடம் போட்ட கதாபாத்திரங்களோடு படம் எடுக்கும் வரிசையில் மட்டும் நிற்காதீர்கள். ஒரு படத்துக்கு ஒரு மணி நேரம் போய்விடும், அது காசை விழுங்கும் இடம்.

முட்டி வலியால் நடக்க முடியாதவர்களுக்கு உள்ளே சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கிறது. அம்மா வேண்டாம் என்பார்கள், நாலு பேர் பார்ப்பார்களே என்று. எடுத்து வையுங்கள், பத்து மணிக்கு மேல் அவர்களே உட்காருவார்கள்.

முட்டி என்றதும் ஒரு வயிற்றெரிச்சலைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இங்கிருந்து கிளம்பும்போது பயணக் காப்பீடு எடுத்தோம். விற்றவர், "எல்லாம் கவர் ஆகும்மா, கவலையே வேண்டாம்" என்றார். அங்கே போய் ஒரு வாரத்தில் முட்டி வீங்கி டாக்டரிடம் போனால், இது ஏற்கெனவே இருந்த நோய், பணம் தர மாட்டோம் என்று பதில் வந்தது. அறுபது வயதில் முட்டி வலி புதிதாக விமானத்தில் ஏறியா வரும்? பாலிசித் தாளில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்களாம். விற்கும்போது அதை வாயால் சொல்ல என்ன கேடு? ஊரில் பிள்ளைகளை வெளிநாடு அனுப்பிய ஒவ்வொரு வீட்டிலும் இந்தக் கதை இருக்கிறது. தம்பி, அப்பா அம்மாவின் சுகர், பிரஷர், முட்டி எல்லாவற்றையும் சொல்லி, இது இதற்குப் பணம் வருமா என்று எழுத்தில் பதில் வாங்கிவிட்டுக் காப்பீடு எடுங்கள். மாத்திரைகளை இங்கிருந்தே டாக்டர் சீட்டோடு கொண்டுவரச் சொல்லுங்கள்.

ஒரு ராத்திரிக்கு அவ்வளவு பணமா என்று எங்கள் சொந்தத்திலும் கேட்டார்கள். கல்யாண மேடைப் பூவுக்கு அதைவிட அதிகமாகக் கொடுக்கிறவர்கள்தான். வெளிநாடு போகும் பெற்றோரில் பாதிப் பேர் பேரக்குழந்தையைக் குளிப்பாட்டி, சமைத்துப் போட்டு, ஜன்னல் வழியாக ஊரைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். நான் பேத்தியைப் பார்த்துக்கொண்டதைக் குறையாகச் சொல்லவில்லை, அது என் சந்தோஷம். ஆனால் ஹோட்டல் அறையில் விட்டுவிட்டுப் போங்கள் என்று ஒருவர் சொன்னால், அது எனக்கு வலிக்கும். அதை எழுதியவருக்கும் அப்பா அம்மா இருப்பார்கள்.

சரி, மிச்சத்தைச் சொல்லிவிடுகிறேன். டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்க முடியாது, மழை வந்தாலும் பணம் வராது. அதனால் விமானத் தேதி உறுதியான பிறகே வாங்குங்கள், ஆனால் ரொம்பவும் தாமதித்தால் நல்ல இரவுகள் தீர்ந்துவிடும். ராத்திரி சில நாள் நம் ஏற்காடு அளவுக்குக் குளிரும், ஸ்வெட்டரும் காதுக்குத் துணியும் பையில் இருக்கட்டும். புடவை கட்டினால் கணுக்காலுக்கு மேலே ஏற்றிக் கட்டி, ஷூ போடச் சொல்லுங்கள், செருப்பு வேண்டாம். கார் நிறுத்தும் இடத்திலிருந்து மோனோரயிலிலோ, ஏரியைக் கடக்கும் படகிலோதான் வாசலுக்குப் போக வேண்டும். பன்னிரண்டு மணிக்கு எல்லோரும் ஒன்றாகக் கிளம்புவார்கள், மெயின் ஸ்ட்ரீட்டில் கடைகள் அதற்குப் பிறகும் திறந்திருக்கும், அங்கே ஒரு அரை மணி நேரம் அப்பா அம்மாவை உட்காரவைத்துவிட்டுப் பிறகு கிளம்புங்கள். கார் நிறுத்துமிடத்தில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கதாபாத்திரத்தின் பெயர் வைத்திருக்கிறார்கள், இறங்கியதும் அந்தப் பலகையைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.