சாதிலிங்கம் என்ற தாதுக்கல்லைச் சுட்டாலே பாதரசம் வருமே, பிறகு அதை எடுக்க வரலாற்றில் எதற்கு இத்தனை வகை உலைகள்?

சுட்டால் வரும், உண்மைதான். ஆனால் ஆவியாக வரும். அதைப் பிடிப்பதில்தான் முந்நூறு நானூறு வருடப் பாடு இருக்கிறது.

பள்ளி ஆய்வகத்தில் எங்கள் ஆசிரியர் சிவப்பு மெர்க்குரிக் ஆக்சைடைச் சோதனைக்குழாயில் சூடாக்கிக் காட்டினார். தீ பட்ட அடியில் ஒன்றும் இல்லை. மேலே, ஆறியிருந்த கண்ணாடியில், வெள்ளிப் படலம் போலப் பாதரசம் ஒட்டியிருந்தது. உலைகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குழாய்தான் நினைவுக்கு வரும்.

சாதிலிங்கம் என்பது பாதரசமும் கந்தகமும் சேர்ந்த கல். காற்றோட்டத்தில் சுட்டால் கந்தகம் எரிந்து வாயுவாகப் போகும், பாதரசமும் ஆவியாகி அதோடு கிளம்பும். பாதரசத்தின் கொதிநிலையே 357 டிகிரி செல்சியஸ்தான். இரும்பு உருக்கத் தேவையான சூட்டோடு பார்த்தால் இது அடுப்புச் சூடு. 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் கல் நிரப்பிய பானையை, மண்ணில் புதைத்த இன்னொரு பானையின் வாய்மேல் கவிழ்த்து, சுற்றித் தீ மூட்டினார்கள். ரசம் கீழே இறங்கும். நம் சித்த மருத்துவத்திலும் சாதிலிங்கத்திலிருந்து வாலை என்ற வடிகலத்தில் இறக்கும் ரசத்துக்கு வாலை ரசம் என்றே பெயர். மருந்துக்கு அந்த அளவு போதும்.

அமெரிக்கக் கண்டத்து வெள்ளிச் சுரங்கங்களுக்கு அது போதவில்லை. 1550களில் மெக்சிகோவில் பாதரசம் கலந்து வெள்ளியைப் பிரிக்கும் முறை வந்ததும், ஸ்பானிய அரசுக்கு டன் டன்னாகப் பாதரசம் வேண்டியிருந்தது. பெருவில் உவாங்காவெலிகா பாதரசச் சுரங்கம் திறந்தது. 3,600 மீட்டருக்கும் மேலான உயரம், விறகு அரிது. இச்சு என்ற மலைப்புல்லை எரித்தே உலை நடத்தினார்கள். புல் நெருப்பே போதும் அளவுக்குச் சூடு ஒரு பிரச்சினையாக இல்லை என்பதைக் கவனியுங்கள்.

அங்கே 1633இல் லோபே தே சாவெத்ரா பார்பா என்பவர் செய்ததுதான் எனக்குப் பெரிய திருப்பமாகத் தெரிகிறது. அவர் கை வைத்தது ஆவி போகும் பாதையில். மத்தளம் போல நடு பெருத்து, இருபுறமும் வாய் திறந்த மண்கலங்களை ஒன்றின் வாயில் ஒன்றைச் செருகி நீண்ட வரிசையாகப் படுக்க வைத்தார். சூளையிலிருந்து கிளம்பும் ஆவி அந்த வரிசை நெடுகப் போகும் வழியில் ஆறித் துளியாகும். கலங்களுக்கு அலுதேல் என்று பெயர். 1646இல் புஸ்தமாந்தே என்பவர் இதை ஸ்பெயினின் பாதரசச் சுரங்க ஊரான அல்மாதேனுக்குக் கொண்டுபோனார். அங்கே உலைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. கண்டுபிடித்தவர் பெயர் பின்னுக்குப் போனதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு. இந்த உலைகள் 20ஆம் நூற்றாண்டு பிறந்த பிறகும் அல்மாதேனில் எரிந்தன.

அடுத்த சிக்கல் பொடிக்கல். அதை உலையில் கொட்டினால் இடைவெளி அடைபட்டுக் காற்று ஏறாது. கலிபோர்னியாவின் நியூ அல்மாதேன் பாதரசச் சுரங்கத்தில் பொடியைக் களிமண்ணோடு பிசைந்து, கட்டியாக வார்த்து, வெயிலில் காயவைத்துச் சுட்டார்கள். 1870களின் நடுவில் அங்கே வந்த ஹட்னர்–ஸ்காட் உலை அந்த வேலையை ஒழித்தது. உள்ளே சாய்வான ஓட்டுப் பலகைகள் மாறி மாறி இருக்கும். பொடி மேலிருந்து ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் சரிந்து வெந்துகொண்டே இறங்கும். அணைத்து ஆறவிட்டுக் காலி செய்ய வேண்டியதில்லை, இரவும் பகலும் ஓடும். பின்னால் வந்த சுழல் உலைகளும் இதே தொடர் ஓட்டம்தான்.

அப்போதும் குளிர்குழாயில் சுத்தமான ரசம் மட்டும் வராது. நுண்துளிகளில் புகைக்கரி பூசிக்கொண்டு ஒன்றோடொன்று சேராமல் கருஞ்சேறாக நிற்கும். சுண்ணாம்பு போட்டுக் கிளறினால்தான் ரசம் பிரியும். அதைக் கிளறியவர்களும், கலங்களின் பொருத்துகளுக்கு மண் பூசியவர்களும், கசிந்த ஆவியைச் சுவாசித்தார்கள். கைகால் நடுங்கும், பல் ஆடும். ஸ்பானிய மொழியில் பாதரசத்துக்கு அசோகே என்று பெயர், அது ஏறிய ஆளை அசோகாதோ என்பார்கள். நடுநடுங்குகிறவனை 'அசோகாதோ போல நடுங்குகிறான்' என்று சொல்லும் வழக்கு அந்த மொழியில் உண்டு.

அல்மாதேனில் இரண்டு பழைய உலைகளைக் கல வரிசைகளோடு பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். 2012இல் ஸ்லோவேனியாவின் பாதரசச் சுரங்க ஊரான இத்ரியாவோடு சேர்த்து அல்மாதேன் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம்பெற்றது. போகிறவர்கள் சூளையோடு நின்றுவிடாமல், ஒரு கலம் இன்னொன்றில் செருகும் இடத்தைக் குனிந்து பாருங்கள்.